அரக்குச் சேலை படத்தில் ஏன் செங்கல் நிறமானது?

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் என் அக்கா வீட்டிலிருந்தே சேலை விற்கிறார். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் தெரிந்தவர்கள் மூலம் வரவழைத்து, ஹாலில் ஒரு கம்பியில் தொங்கவிட்டு, போனில் படம் பிடித்து இணையத்தில் போடுவார். போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஜூரோங்கிலிருந்து ஒரு சேலை திரும்பி வந்தது. அரக்கு நிறம், உடல் முழுக்கப் பொடிக்கட்டம், கட்டத்தின் கோடெல்லாம் மெல்லிய ஜரிகை. வாங்கியவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: “படத்துல செங்கல் கலர் பிளெயின் சேலை மாதிரி இருந்துச்சு, வந்தது வேற.” அக்காவுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. “தம்பி, நல்ல எடிட்டிங் ஆப் ஒண்ணு சொல்லேன், காசு கட்டியே வாங்கிக்கிறேன்” என்றார்.

எந்த ஆப் என்று சொல்வதற்கு முன்னால் அந்தப் படம் வந்த வழியை விசாரித்தேன். போனில் எடுத்திருக்கிறார். இலவச ஆப் ஒன்றில் வெளிச்சத்தைக் கூட்டிச் சேமித்திருக்கிறார். அரட்டைச் செயலியில் மகளுக்கு அனுப்பியிருக்கிறார். மகள் வேறொரு ஆப்பில் விலையை எழுதிச் சேமித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். வந்த படம் ஆல்பத்தில் எங்கே போனது என்று தெரியாமல், அக்கா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஓரத்தை வெட்டி, விற்பனைத் தளத்தில் ஏற்றியிருக்கிறார். வாங்கியவர் பார்த்தது எத்தனையாவது நகல் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நகல் எடுத்தால் என்ன, கணினியில் எல்லாம் அப்படியேதானே இருக்கும் என்று தோன்றும். கோப்பை அப்படியே நகலெடுத்தால் ஒன்றும் ஆகாது, ஆயிரம் முறை எடுத்தாலும் ஒரு புள்ளி மாறாது. திறந்து பார்த்துவிட்டு மூடினாலும் ஆகாது. திறந்து, எதையாவது மாற்றி, மறுபடி ஜேபெக்காக, அதாவது படத்தை அழுத்திச் சின்னதாக்கும் அந்த வழக்கமான கோப்பு வடிவத்தில், சேமிக்கும்போதுதான் விஷயமே.

12 மெகாபிக்சல் போன் படத்தில் 4032 பெருக்கல் 3024 புள்ளிகள், அதாவது சுமார் 1 கோடியே 22 லட்சம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் வைத்தால் 36 எம்பி வர வேண்டும். போனில் இருக்கும் ஜேபெக் கோப்போ 3, 4 எம்பிதான். மீதி எங்கே? பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டாயிற்று. ஆனால் நம் கண் கண்டுபிடிக்காத விதத்தில் போட்டிருக்கிறார்கள், அதில்தான் வித்தை இருக்கிறது.

நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைப் பிடிப்பதில் கெட்டி, நிற வித்தியாசத்தில் கொஞ்சம் மந்தம். அதனால் ஜேபெக் முதலில் படத்தை வெளிச்சம் தனி, நிறம் தனி என்று பிரித்துக்கொள்ளும். வெளிச்சத்தை எல்லாப் புள்ளிக்கும் வைத்துக்கொள்ளும். நிறத்தை மட்டும், பெரும்பாலான போன்களிலும் ஆப்களிலும், பக்கத்துப் பக்கத்து நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒன்றாக ஆக்கிவிடும். முகம், வானம், சுவர் என்றால் இது தெரியவே தெரியாது. அக்காவின் சேலையை நினைத்துப் பாருங்கள். படம் சின்னதாகச் சுருங்கிய பிறகு ஜரிகைக் கோடு ஒரு புள்ளி அகலம்தான் இருக்கும், அதன் இரண்டு பக்கமும் அரக்கு. நான்கு புள்ளிக்கு ஒரே நிறம் என்றால் அரக்கும் பொன்னும் கலந்து ஒரு சராசரி வரும். அரக்கையும் பொன்னையும் கலந்தால் என்ன கிடைக்கும்? செங்கல்.

அடுத்த வேலை இன்னும் சுவாரசியம். படத்தை 8க்கு 8 புள்ளி கொண்ட சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டும். ஒரு சதுரத்தில் 64 புள்ளிகள். இந்த 64 எண்களை அப்படியே எழுதாமல், முன்கூட்டியே நிர்ணயித்த 64 அலை வடிவங்களில் எது எது எவ்வளவு கலந்தால் இந்தச் சதுரம் வரும் என்று கணக்குப் போடும். 64 அறை கொண்ட ஓர் அஞ்சறைப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். குழம்பைத் தூக்கிக்கொண்டு போகாமல் எந்தச் சாமான் எத்தனை சிட்டிகை என்று எழுதிக்கொண்டு போகிறோம். முதல் அறை சதுரத்தின் சராசரி. அடுத்தடுத்த அறைகள் மெதுவாக ஏறி இறங்கும் அலைகள், கடைசி அறைகள் படுநெருக்கமான கோடுகள். இந்தக் கணக்குக்கு டிசிடி என்று பெயர். கண்டுபிடித்தவர் பெங்களூரில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன நாசிர் அகமது. 1972இல் இதை ஆராய அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள் என்று அவரே பிறகு எழுதியிருக்கிறார். மாணவர் நடராஜன், கூட்டாளி கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974இல் கட்டுரையாக வெளியிட்டார், 1992இல் வந்த ஜேபெக் தரம் அதன் மேல்தான் நிற்கிறது.

இந்தக் கணக்கில் எதுவும் தொலையவில்லை. அளவுகளை வைத்துக் குழம்பைத் திரும்ப வைத்துவிடலாம். தொலைவது அடுத்த படியில்: ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணால் வகுத்து, கிட்டத்து முழு எண்ணாக மாற்றிவிடுவார்கள், 19 வெள்ளி 98 காசை 20 வெள்ளி என்று எழுதிக்கொள்வதுபோல. நெருக்கமான கோடுகளை வகுக்கும் எண் பெரியது, அதனால் அவற்றில் பெரும்பாலானவை பூச்சியமாகிவிடும். பொடிக்கட்டம், ஜரிகை, நெசவின் நரநரப்பு, இவையெல்லாம் அந்தக் கடைசி அறைகளில்தான் குடியிருக்கின்றன. சேமிக்கும்போது தரம் 90, தரம் 60 என்று கேட்கிறதே, அது இந்த வகுக்கும் எண்ணைத்தான் மாற்றுகிறது.

ஒரே படத்தை எதுவும் மாற்றாமல், அதே தரத்தில் திரும்பத் திரும்பச் சேமித்தால் முதல் தடவைக்குப் பிறகு இழப்பு சொற்பம், ஏற்கெனவே முழு எண்ணாக்கியதை மறுபடி முழு எண்ணாக்குவதில் போக ஒன்றுமில்லை. ஆனால் ஓரத்தை 3 புள்ளி வெட்டினால் சதுரங்களின் எல்லை நகர்ந்துவிடும். வெளிச்சத்தைக் கூட்டினால் எண்கள் மாறும். அளவைச் சுருக்கினால் எல்லாமே புதிது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு சுற்று இழப்பு. அக்காவின் படத்தில் நடந்தது இதுதான், நடுவில் அந்த ஸ்கிரீன்ஷாட் வேறு 3024 புள்ளி அகலத்தைத் திரையின் ஆயிரத்துச் சொச்சம் புள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டது.

சரி, மென்பொருளுக்கு வருவோம். எந்த ஆப்பாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இது அசல் படத்தை என்ன செய்கிறது? சில ஆப்கள் நீங்கள் செய்த மாற்றத்தைப் படத்தின் புள்ளிகளிலேயே எழுதி அசலின் மேலேயே சேமித்துவிடும். வேறு சில அசலைத் தொடவே தொடாது, ‘வெளிச்சம் இவ்வளவு கூட்டு, இடப்பக்கம் இவ்வளவு வெட்டு’ என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, நீங்கள் வெளியே அனுப்பும்போது மட்டும் புது நகல் ஒன்றைச் சமைத்துத் தரும். லைட்ரூம் அப்படி, இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளும் ராதெரபியும் அப்படி. ஐபோனில் கூடவே வரும் போட்டோஸ் ஆப்பிலும் அசலுக்குத் திரும்பும் வசதி இருக்கிறது, பலருக்கு அதுவே போதும். இந்த வகையில் இழப்பு ஒரே ஒரு தடவைதான், கடைசி ஏற்றுமதியில். விற்பவர்களுக்கு இன்னொரு லாபம், குறிப்பு என்பது வெறும் எண்கள் என்பதால் ஒரு சேலைக்கு எழுதியதை அதே வெளிச்சத்தில் எடுத்த 40 சேலைக்கும் ஒட்டிவிடலாம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. குறிப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். லைட்ரூம் கிளாசிக் தன் குறிப்புகளை கேட்டலாக் என்ற தனிக் கோப்பில் வைக்கிறது, படங்களை மட்டும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுப் பத்திரப்படுத்தினால் மாதக்கணக்கில் செய்த திருத்தமெல்லாம் அந்தப் பழைய மடிக்கணினியோடு போய்விடும். படத்துக்குப் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சின்னக் கோப்பாகக் குறிப்பை எழுதச் சொல்லலாம், டார்க்டேபிளிலும் அந்த வசதி இருக்கிறது. நான் அதைத்தான் பரிந்துரைப்பேன், அசிங்கமாக இரண்டு மடங்கு கோப்பு தெரிந்தாலும் பரவாயில்லை.

ரா கோப்பில் எடுக்க வேண்டுமா என்று அக்கா கேட்டார், யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேமராவின் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தைத்தான் பார்க்கும், பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயருக்கு 1976இல் காப்புரிமை கிடைத்த அமைப்பு அது. மற்ற நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளியிலிருந்து ஊகித்து நிரப்புகிறார்கள். பொடிக்கட்டச் சேலையில் சில சமயம் வானவில் மாதிரி அலை தெரிகிறதே, அது நெசவின் கட்டமும் சென்சாரின் கட்டமும் மோதிக்கொள்வதால் வருவது. எடிட்டிங்கில் மல்லுக்கட்டாமல் ஒரு அடி முன்னாலோ பின்னாலோ நகர்ந்து எடுங்கள். ரா என்பது அந்த ஊகத்துக்கும் நிறத் தீர்மானத்துக்கும் முந்தைய நிலை, வெள்ளைச் சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வதை, பிறகு நிதானமாக மாற்றலாம். ஐபோனின் புரோரா என்ற வகையில் (அதில் ஊகம் மட்டும் ஏற்கெனவே முடிந்திருக்கும்) 12 மெகாபிக்சல் படம் ஒன்று சுமார் 25 எம்பி. 200 சேலை, சேலைக்கு 6 படம் என்றால் ஜேபெக்கில் 5 ஜிபிக்குள் முடிவது ராவில் 30 ஜிபி ஆகிவிடும். 15 வெள்ளி ரவிக்கைத் துணிக்கு ரா தண்டம். 400 வெள்ளிப் பட்டுக்கு எடுக்கலாம்.

இந்த 30 ஜிபியை எங்கே வைப்பது? கூகுள் போட்டோஸில் இலவசம் 15 ஜிபி, அதுவும் மின்னஞ்சலோடு சேர்த்து. 2021 ஜூன் 1 வரை சுருக்கிய படங்களுக்குக் கணக்கில்லாமல் இடம் கொடுத்தார்கள், அந்தப் பழக்கத்தில் இன்னும் சேமிப்புச் சிக்கன அமைப்பிலேயே விட்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதில் படம் மறுபடி அழுத்தப்படும், 16 மெகாபிக்சலுக்கு மேலிருந்தால் சுருக்கப்படும். விற்பனைப் படத்துக்கு அசல் தரம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அக்காவிடம் இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருந்தது. போனில் இடமில்லை என்று படங்களை அழித்திருக்கிறார், கிளவுடில்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில். ஒத்திசைவு என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்திருப்பது, இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். சில வாரம் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அப்புறம் அதுவும் போய்விடும். அக்கா கவனித்தபோது அந்த வாரங்கள் தாண்டிவிட்டன.

புகைப்படக்காரர் பீட்டர் குரோ பிரபலப்படுத்திய 3-2-1 கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். அக்காவிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. வீவக அடுக்குமாடி வீட்டின் ஷெல்டரில், அதாவது குண்டு தாங்கும் அந்தச் சின்ன அறையில், அரிசி மூட்டைக்கும் நவராத்திரிப் பொம்மைப் பெட்டிக்கும் நடுவில். குண்டு விழுந்தாலும் தப்பிக்கும்தான், ஆனால் கை தவறிக் கீழே விழுந்தால் தப்பிக்காது. இப்போது ஒன்று மடிக்கணினியில், ஒன்று அந்த டிஸ்க்கில், ஒன்று கிளவுடில் ஒத்திசைவு இல்லாத தனிக் காப்பாக.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதியிருக்கலாம். விற்பனைத் தளங்கள் பெரும்பாலும் நீக்கிவிடும், ஆனால் நேரடியாக யாருக்காவது அசல் கோப்பை அனுப்பினால் அதுவும் கூடவே போகும். நம் ஊரில் அதை வைத்து புளோக் வரைக்கும் கண்டுபிடித்துவிடலாம். ஏற்றுமதியில் இடத்தை நீக்கும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவையும் அக்காவுக்குச் சொல்லி முடித்து, திரும்பி வந்த அந்தச் சேலையை அதே கம்பியில் தொங்கவிட்டு நானே ஒரு படம் எடுத்தேன். அசல் கோப்பு, எந்த ஆப்பும் தொடாதது. கட்டம் ஒவ்வொன்றும் தெளிவாக வந்திருந்தது. நிறம் மட்டும் இன்னும் கொஞ்சம் செங்கல் பக்கம்தான். நிமிர்ந்து சேலையைப் பார்த்தேன், ஹால் விளக்கில் சேலையே அப்படித்தான் இருந்தது. எல்இடி பெட்டிகளில் சிஆர்ஐ 80 என்று போட்டிருப்பார்கள், விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான எண் அது. அந்தப் பொது எண் எட்டு வெளிறிய நிறங்களை வைத்துக் கணக்கிட்டது, அடர்சிவப்பு அதில் சேர்த்தியே இல்லை. அடர்சிவப்புக்கு ஆர்9 என்று தனியாக ஓர் எண் இருக்கிறது, மலிவு விளக்குகளில் அதுதான் அடிவாங்கும். விளக்கில் இல்லாத சிவப்பை எந்த மென்பொருள் கொண்டுவரும்?

மறுநாள் காலை பத்து மணிக்கு, பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்ன இது என்று எட்டிப் பார்க்க, தாழ்வாரத்தில் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அரக்கு அரக்காகவே வந்தது. அக்கா கேட்ட ஆப்பை இன்னும் வாங்கவில்லை, ஹாலுக்கு வேறு பல்பு வாங்கியிருக்கிறார்.