வெள்ளி இலைச் செடியைக் கொல்வது தண்ணீர்தான்

காட்பாடி காந்தி நகரில் ஒரு வீட்டு மதிலோரம் எட்டு டெக்சாஸ் சேஜ் செடிகள் நட்டுக் கொடுத்திருந்தேன். மூன்றாம் மாதம் அந்த வீட்டம்மாவிடமிருந்து போன். "தம்பி, இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுது. ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துறேன், ஒரு நாள்கூட விட்டதில்ல." போய் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் பழுப்பாகி, தொட்டதும் தோல் உரிந்தது. மண்ணில் அழுகல் வாடை. எட்டில் ஐந்து போய்விட்டன. நடும்போதே அழுத்திச் சொல்லாதது என் தப்புதான்.

வேலூர் வெயிலுக்கு என்ன வைக்கலாம் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தச் செடியைத்தான். பெயரில் சேஜ் இருந்தாலும் சமையலில் சேர்க்கும் சேஜுக்கும் இதற்கும் உறவில்லை. தாவரப் பெயர் லூக்கோஃபில்லம். டெக்சாஸும் வடக்கு மெக்சிகோவும் இதன் பிறந்தகம், அங்கே சுண்ணாம்புப் பாறை நிலத்தில் தானாக வளர்வது. 2005இல் டெக்சாஸ் மாநிலம் இதைத் தன் மண்ணுக்குரிய புதர்ச்செடியாக அறிவித்தது. இலை வெள்ளியாகத் தெரியக் காரணம் அதன்மேல் நெருக்கமாக இருக்கும் நுண்ணிய முடிகள். அவை வெயிலைத் திருப்பிவிட்டு, இலையிலிருந்து ஈரம் போவதைக் குறைக்கின்றன. அக்னி நட்சத்திரத்தை அது பார்த்துக்கொள்ளும். ஐப்பசி அடைமழையில் வேரடியில் தேங்கும் தண்ணீரைத்தான் தாங்காது.

அதனால் பள்ளத்தில் நடாதீர்கள். அரை அடி மேடு கட்டி, செம்மண்ணோடு பெருமணலோ சிறு ஜல்லியோ தாராளமாகக் கலந்து நடுங்கள். தொழுவுரம் வேண்டாம். தை பிறந்ததும் நடுவது என் வழக்கம்: மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறுமுன் வேர் பிடிக்க நேரம் கிடைக்கும். முதல் சில மாதம் வாரம் இருமுறை தண்ணீர். அப்புறம் கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நன்றாக நனைத்தால் போதும். ரோஜாவுக்குப் போகும் சொட்டுநீர்க் குழாயில் இதைக் கோக்கவே கூடாது. (அந்த வீட்டில் குழாய்கூட இல்லை, வெறும் பாசம்தான்.) நிழலில் வைத்தால் வெள்ளி மங்கிப் பச்சையடிக்கும், கிளைகள் நீண்டு சாயும்.

ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை தொடங்கி, காற்றில் ஈரம் ஏறியதும் செடி முழுக்க ஊதாப் பூ. அமெரிக்காவில் இதற்கு பாரோமீட்டர் (மழை வருவதைக் கணிக்க உதவும் காற்றழுத்தமானி) புதர் என்றே ஒரு பெயர் உண்டு.

சிலர் மாதாமாதம் பந்துபோல வெட்டித் தரச் சொல்கிறார்கள். பூப்பதே புதுத் தளிரில்தான், அதை வெட்டிவிட்டுப் பூவைக் கேட்டால் எப்படி? மாசி வாக்கில் ஒருமுறை லேசாகக் கவாத்து செய்கிறேன், அவ்வளவுதான்.