வேலையை விடாமல் டயட்டீஷியன் படிப்பு: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எது நடக்கும், எது நடக்காது

தபால்வழியில் நியூட்ரிஷன் எம்.எஸ்சி. போட்டுக்கொள்ளலாம், வேலையும் கையை விட்டுப் போகாது என்று யாராவது இன்னமும் யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அந்தக் கதவு மூடியாகிவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உணவு ஊட்டச்சத்து அறிவியல், கிளினிக்கல் நியூட்ரிஷன் அண்ட் டயட்டடிக்ஸ் இரண்டையும் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லிவிட்டது. சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜியும் அதே பட்டியலில் இருக்கின்றன. அதற்கு முன்னால் வேலையில் இருந்த பலர் இக்னோவின் டயட்டடிக்ஸ் அண்ட் ஃபுட் சர்வீஸ் மேனேஜ்மென்ட் எம்.எஸ்சி.யைத்தான் நம்பியிருந்தார்கள். தடை புதுச் சேர்க்கைக்குத்தான், ஏற்கெனவே சேர்ந்து படித்துக்கொண்டிருப்பவர்கள் பதற வேண்டியதில்லை. ஆனால் இன்றைக்குப் புதிதாக ஆன்லைனில் சீட் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் போன் செய்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஆக, மிச்சமிருப்பது ரெகுலர் கல்லூரி மட்டும். பாலக்கோட்டில் ஒரு கிளினிக்கில் வேலை, ஓசூர் சிப்காட்டில் கேன்டீன் சூப்பர்வைசர், அரூரில் ஜிம்மில் டயட் சார்ட் எழுதிக் கொடுப்பது என்று பி.எஸ்சி. முடித்த கையோடு சம்பாதிக்க ஆரம்பித்தவர்கள், அந்த வருமானத்தை முழுதாக விடாமல் எம்.எஸ்சி.யும் முடித்து டயட்டீஷியன் ஆவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

எதைப் படித்தால் டயட்டீஷியன் என்பதிலேயே நிறையப் பேருக்குக் குழப்பம், அதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இரண்டு தனித்தனிப் பதிவுகள் இருக்கின்றன. ஒன்று, இந்தியன் டயட்டடிக் அசோசியேஷன் தரும் ஆர்.டி., அதாவது ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன். இதற்குத் துறை சார்ந்த முதுநிலைப் பட்டமோ பி.ஜி. டிப்ளமோவோ வேண்டும், அதோடு அவர்கள் ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனையில் ஆறு மாத இன்டர்ன்ஷிப், அப்புறம் தேர்வு. இது ஒரு தொழில்சங்கம் தரும் தகுதி. அரசு உரிமம் கிடையாது, ஆனாலும் பெரிய மருத்துவமனைகள் ஆள் எடுக்கும்போது இதைத்தான் பார்க்கின்றன. இன்னொன்று சட்டப்படியானது. 2021-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய துணைநிலை, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இருவரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி மாதிரி இதற்கும் மாநிலக் கவுன்சிலில் பதிவு என்ற ஏற்பாடு. 2025-இல் அந்த ஆணையம் நியூட்ரிஷன் அண்ட் டயட்டடிக்ஸுக்கும் சேர்த்துப் பாடத்திட்டங்களை வெளியிட்டது. அதனால் சேரப்போகும் கல்லூரியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஃபீஸ் எவ்வளவு என்பதல்ல, ஆணையத்தின் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டீர்களா, எந்த ஆண்டிலிருந்து என்பதுதான். பதிலை வாய்வார்த்தையாக வாங்காமல் ப்ராஸ்பெக்டஸில் காட்டச் சொல்லுங்கள்.

சரி, ரெகுலராகப் படிக்கும்போது வேலை பார்க்கலாமா? நீங்கள் முதுநிலை மாணவர், அதனால் பகுதிநேரமாகச் சம்பாதிக்கக் கூடாது என்று பொதுவான தடை எதுவும் கிடையாது. தடையாக வந்து நிற்பது அட்டெண்டன்ஸ். பெரும்பாலான தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் 75 சதவீதம் இருந்தால்தான் ஹால் டிக்கெட். கொஞ்சம் குறைந்தால் கண்டொனேஷன், அதாவது குறைவை மன்னிப்பதற்கான பணம் கட்டி எழுதலாம், ரொம்பக் குறைந்தால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டி வரும். லேப் வகுப்பும் மருத்துவமனைக்குப் போகும் நாட்களும் வேறு இருக்கின்றன, நண்பரிடம் நோட்ஸ் வாங்கிச் சமாளிக்கிற படிப்பு இது இல்லை. முழுநேர வேலையை வைத்துக்கொண்டு, ஹெச்.ஓ.டி.யிடம் பேசி அட்டெண்டன்ஸை "பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, வேண்டாம். பின்னால் அரசு வேலைக்கோ பெரிய மருத்துவமனைக்கோ போகும்போது அதே இரண்டு வருடத்துக்கு முழுநேர அனுபவச் சான்றிதழும் ரெகுலர் பட்டமும் சேர்ந்து மேசைக்கு வந்தால், சான்றிதழ் சரிபார்க்கும் ஆள் கண்டிப்பாகக் கேள்வி கேட்பார். அனுபவக் கடிதத்தில் "பகுதிநேரம், தினமும் இத்தனை மணி நேரம்" என்று உள்ளதை உள்ளபடி எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் அந்த வம்பு இல்லை.

நடைமுறையில் கைகொடுப்பது ஷிப்டு முறை. சில கல்லூரிகளில் காலை ஷிப்டு, மதிய ஷிப்டு என்று இரண்டு உண்டு. முதுநிலை வகுப்பு எந்த ஷிப்டில் நடக்கிறது என்று தெரிந்துகொண்டு மறு அரைநாளில் வேலை தேடுவதுதான் சரியான வரிசை. வேலையை முடிவு செய்துவிட்டு அதற்கு ஏற்ற வகுப்பைத் தேடினால் கிடைக்காது.

தூரத்தையும் கணக்கில் வையுங்கள். தர்மபுரிக்காரர்களுக்குச் சேலம் பெரியார் பல்கலைக்கழகம் பக்கம், கருப்பூரிலேயே இறங்கிவிடலாம், சேலம் டவுனுக்குள் போய்ச் சிக்க வேண்டாம். ஆனால் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி சாய்ந்தால் அன்றைக்கு முதல் இரண்டு வகுப்பு போச்சு, மாதத்தில் அப்படி ஒன்றிரண்டு நாள் போகும் என்று வைத்துக்கொண்டே அட்டெண்டன்ஸ் கணக்குப் போடுங்கள். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸுக்குத்தான், தர்மபுரி-சேலம் புறநகர்ப் பேருந்துக்கு அது செல்லாது. கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலே கிடையாது என்பது உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அங்கிருந்து தினமும் போய்வந்து படித்து, மிச்ச நேரத்தில் வேலையும் பார்ப்பது உடம்பு தாங்குகிற காரியமாக எனக்குப் படவில்லை. ஹாஸ்டலில் தங்கி, படிக்கும் ஊரிலேயே வேலை பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான், அங்கே கல்லூரிகளும் மருத்துவமனைகளும் ஏராளம். ஆனால் தமிழ்நாட்டு அரசின் உதவித்தொகைகள் யு.எம்.ஐ.எஸ். என்ற கல்லூரி மாணவர் தகவல் தளத்தின் வழியாக வருகின்றன, அது தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கானது. மாநில எல்லை தாண்டிச் சேர்ந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும், என்ன போகும் என்று மாவட்ட நல அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.

பணத்துக்கு வருவோம், இங்கேதான் தவறான நம்பிக்கைகள் அதிகம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் பி.எஸ்சி. முடிந்ததோடு நின்றுவிடும், எம்.எஸ்சி.க்கு வராது. முதல் பட்டதாரி சலுகையும் அப்படித்தான், அது இளநிலைத் தொழிற்படிப்புகளுக்கானது. முதுநிலைக்குப் பார்க்க வேண்டியவை போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகைகள். எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. பிரிவினருக்குத் தனித்தனித் திட்டங்கள் இருக்கின்றன, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பகுதிநேர வேலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இந்த இடம்தான். உங்கள் சம்பளமும் குடும்ப வருமானத்தில் சேரும் என்று வைத்தே திட்டமிடுங்கள். அப்பா வருமானம் 2.2 லட்சம் என்று சான்றிதழ் இருந்து, நீங்கள் மாதம் 6,000 வாங்கினால் வருடத்துக்கு 72,000, எல்லை தாண்டிவிட்டது. சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறி, பி.எஃப். எண்ணும் ஆதாரும் இணைந்திருக்கும்போது அதை மறைப்பது ஆகாத வேலை. இந்த வேலையால் வருகிற பணம் பெரிதா, போகிற உதவித்தொகையும் ஃபீஸ் சலுகையும் பெரிதா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சிலருக்கு வேலைக்குப் போகாமல் இருப்பதே லாபமாக வரும். வருமானச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிப்பது, அது ஒரு வருடத்துக்குத்தான் செல்லும்.

அதிகம் பேர் கண்டுகொள்ளாத ஒன்று, யு.ஜி.சி.யின் முதுநிலைக்கான தேசிய உதவித்தொகை. மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம், நாடு முழுக்க 10,000 பேருக்கு. முதுநிலை முதலாமாண்டில் ரெகுலராகச் சேர்ந்திருக்க வேண்டும், வயது 30-க்குள் இருக்க வேண்டும். தேர்வு இளநிலை மதிப்பெண்ணை வைத்துத்தான், பெண்களுக்கு ஒதுக்கீடும் உண்டு. நம் ஊரில் அரைநாள் வேலை எதுவும் லேசில் 15,000 தராது, அதனால் பி.எஸ்சி.யில் நல்ல மார்க் வைத்திருப்பவர்கள் வேலை தேடுவதற்கு முன்னால் தேசிய உதவித்தொகைத் தளத்தில் இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். கிடைத்தால், அதோடு இன்னோர் உதவித்தொகையோ சம்பளமோ வாங்கலாமா என்பதை அந்த ஆண்டு விதிமுறையில் படித்துவிட்டு அப்புறம் வேலையில் கை வையுங்கள்.

கல்விக் கடனைப் பற்றி ஒன்று மட்டும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை ஆரம்பிக்கும் என்பது பொதுவான ஏற்பாடு, எம்.எஸ்சி.க்குப் பிறகு வருகிற ஆறு மாத இன்டர்ன்ஷிப் அந்த ஒரு வருடத்துக்குள் அடங்கிவிடுகிறது. 2024-இல் வந்த பி.எம். வித்யாலட்சுமி என்ற மத்திய அரசின் கல்விக் கடன் திட்டத்தில் குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருப்பவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு, ஜாமீன் ஆளும் அடமானமும் கேட்க மாட்டார்கள். ஆனால் அதன் பட்டியலில் உங்கள் கல்லூரி இருக்க வேண்டும். வேறு அரசு உதவித்தொகை வாங்கினால் இந்த மானியம் கிடையாது.

வேலை பார்க்கும் இடத்தில் உங்களுக்கு உரியது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், பார்ட் டைம்தானே என்று நிறைய முதலாளிகள் கையை விரித்துவிடுகிறார்கள். பத்துப் பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு உண்டு, பகுதிநேரக்காரருக்கும் சேர்த்துத்தான். உங்கள் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. இருபது பேர், அதற்கு மேல் இருக்கும் இடத்தில் பி.எஃப்.பும் பகுதிநேரக்காரருக்கு உண்டு.

எந்த வேலை நல்லது என்றால், மருத்துவமனை டயட் கிச்சன்தான் என் முதல் தேர்வு. உப்பில்லாச் சாப்பாடு எந்த வார்டுக்கு, டியூப் ஃபீடிங் எத்தனை மணிக்கு ஒரு முறை என்று அங்கே பார்க்கிறது வகுப்பில் பாடமாக வரும்போது கை தானாக எழுதும். தொழிற்சாலை கேன்டீனும் பரவாயில்லை, நைட் ஷிப்டு மட்டும் வேண்டாம். ஜிம்மிலோ சுகர் கிளினிக்கிலோ இருப்பவர்கள் பட்டமும் பதிவும் வருவதற்கு முன் டயட்டீஷியன் என்று போர்டு மாட்டிக்கொள்ளாதீர்கள், டயட் எழுதித் தரும் சீட்டிலும் அப்படிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலையோடு படிப்பவர்களுக்கு ப்ராஜெக்ட் ஒரு தலைவலி, அதைச் சொந்த ஊரிலேயே வைத்துக்கொண்டால் பாதி பாரம் குறையும். தலைப்புக்கு இங்கே பஞ்சமே இல்லை. தர்மபுரியில் 2023-இலிருந்து ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம், அது வீட்டில் களியாகிறதா, மாட்டுக்குப் போகிறதா என்று யாராவது உட்கார்ந்து கேட்டால் நல்ல ஆய்வு. ஃப்ளோரைடு பிரச்சினைக்காக ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்த ஊர் இது, அதுவும் ஒரு தலைப்புதான். மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான், அதில் மாத்திரை வாங்கும் சர்க்கரை நோயாளிகள் தட்டில் என்ன இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்க் கேட்கலாம். நோயாளிகளிடம் தகவல் எடுக்க எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும், அதை முதல் வருடமே கேட்டு வையுங்கள்.

யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு, பார்ட் டைம் மாஸ்டர்ஸ், வேலையோடு சேர்ந்த பயிற்சி என்று கேட்பவர்களுக்கு: அங்கே 2024 ஜனவரி முதல் ஆர்.டி. தேர்வு எழுதவே முதுநிலைப் பட்டம் கட்டாயம், குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையில் பயிற்சி வேண்டும், அதைப் படிப்போடு இணைத்தே தரும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. நம் ஊரில் அப்படிப் பிணைத்துத் தருகிற வசதி குறைவு, பட்டம் ஒரு பக்கம், இன்டர்ன்ஷிப் ஒரு பக்கம் என்று நாமேதான் கோத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆறு மாத இன்டர்ன்ஷிப்பில் வேலை என்பதை மறந்துவிடுங்கள். காலையில் வார்டு ரவுண்ட்ஸ், மதியம் கேஸ் எழுதுவது, சாயங்காலம் கிச்சன் என்று முழு நாளும் போய்விடும். பல இடங்களில் ஸ்டைபெண்ட் கிடையாது, சில மருத்துவமனைகள் நம்மிடமே கட்டணம் வாங்குகின்றன, தங்கும் செலவு தனி. எம்.எஸ்சி. இரண்டு வருடமும் பார்க்கும் அரைநாள் வேலைக்கு என்னைக் கேட்டால் ஒரே நோக்கம்தான், இந்த ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஒரு தொகை சேர்ப்பது. முதல் செமஸ்டரிலிருந்தே மாதாமாதம் ஒரு தொகையை அஞ்சலகத்தில் ஆர்.டி. போட்டு வைத்தால், பெயர்ப் பொருத்தமும் ஆயிற்று.

மருத்துவமனையைத் தேர்வு செய்யும்போது பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இங்கே இன்டர்ன்ஷிப் செய்தால் அசோசியேஷன் ஏற்றுக்கொள்ளுமா என்று அவர்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்குங்கள். அங்கே உங்களை மேற்பார்வை செய்யப்போகிறவரிடம் ஆர்.டி. பதிவு இருக்கிறதா, முடித்ததும் தேதி, துறை, மணி நேரத்தோடு சான்றிதழ் லெட்டர்ஹெட்டில் தருவார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். எந்த வார்டில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று ஒரு நோட்டில் தினமும் எழுதி, வாரம் ஒரு முறை அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.