வங்காளி: தோட்டத்து மிரட்டலில் ஒரு சொல்

"அழுதீன்னா வங்காளி வந்து சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிடுவான்!" மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்த பலருக்கு இந்த மிரட்டல் பழக்கம். ஆனால் இதில் வரும் வங்காளி வங்காளத்துக்காரர் அல்லர். தலைப்பாகையும் தாடியுமாக வரும் சீக்கியர், ஊர் பஞ்சாப்.

பஞ்சாபிலிருந்து மலாயாவுக்கு வந்தவர்கள் வங்காளத்தின் கல்கத்தாவில் கப்பலேறினார்கள். அதனால் மலாய்க்காரர்கள் அவர்களை 'பெங்காலி' என்றார்கள்; நம் வாயில் அது வங்காளி ஆயிற்று. ஏறிய துறைமுகமே இனப்பெயராகிவிட்டது.

பயம் எங்கிருந்து வந்தது? 1873இல் கேப்டன் ஸ்பீடி என்ற ஆங்கிலேய அதிகாரி, பேராக்கின் லாருட் ஈயச்சுரங்கச் சண்டையை அடக்க வட இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார். அவர்களில் சீக்கியரும் இருந்தார்கள். பின்னால் போலீசிலும் பட்டாளத்திலும் சேர்ந்தார்கள். கடைவாசலில் கயிற்றுக்கட்டில் போட்டு, பக்கத்தில் தடியைச் சாய்த்து வைத்து, இரவெல்லாம் ஜாகா (காவல்) வேலை பார்த்தார்கள். மாடு வளர்த்துப் பால் ஊற்றியவர்களும் உண்டு. காவலுக்கு நின்ற மனிதரைத்தான் பிள்ளை பிடிக்கிறவராக்கினோம். மலாய்க்காரர் தமிழரான நம்மை இழிவாகக் 'கெலிங்' என்றால் கொதிக்கிற நாமே இதைச் செய்தோம் என்பது எனக்கு உறுத்துகிறது.

1990களில் நிஜமான வங்காளிகளே, வங்காளதேசத்துத் தொழிலாளிகளாக, இங்கே வந்தார்கள். அவர்களுடைய பெயரை ஏற்கெனவே இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோமே! அதனால் அவர்கள் 'பங்ளா' ஆனார்கள். பழைய மிரட்டலும் ஆள் மாறிவிட்டது: "இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வா, பங்ளா பசங்க நிக்கிறானுங்க." தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியிடம் கடன்பட்டுக் கப்பலேறிய நம் தாத்தாக்களைப் போல, ஏஜெண்டிடம் கடன்பட்டு வந்தவர்கள் அவர்களில் ஏராளம். இன்றைக்குச் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். 'வங்காளி' இப்போது பெரும்பாலும் கேலிதான். 'பங்ளா'வில்தான் வெறுப்பு நிஜமாக இருக்கிறது. எனக்குக் கவலை அதில்தான்.

சரியான சொற்கள்: சமயத்தைச் சொல்ல சீக்கியர், மொழியையும் ஊரையும் சொல்ல பஞ்சாபியர். 'சிக்' என்றால் சீடன். 'சிக்', 'சீடன்' இரண்டுமே 'சிஷ்ய' என்ற வடசொல்லிலிருந்து வந்தவை, ஆக சீக்கியர் என்ற பெயர் நமக்கு அந்நியமே இல்லை. வங்காளி என்பது வங்கமொழி பேசுகிறவருக்கே உரியது. நாட்டைச் சொல்ல வேண்டுமானால் வங்காளதேசத்தவர். கூப்பிடுவதற்கு இவை எதுவும் வேண்டாம். பெயரைக் கேட்டுக்கொண்டு 'அண்ணே', 'தம்பி' என்றால் போதும்.