படைவீரனின் சட்டைக்கு நிறம் கிடையாது

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் வீட்டுப் பழைய கணினியில் 1999இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்ற போர் விளையாட்டு மட்டும்தான் ஓடும். அதில் வரும் வாள்வீரனுக்கு வேட்டி கட்டிச் சோழப் படைவீரன் ஆக்கலாம் என்று நினைத்தேன். படங்களைப் பிரித்தெடுத்து, பழுப்பாக இருந்த கால்பகுதியை வெள்ளையாக்கித் திரும்பச் சேர்த்தேன். ஓடவிட்டால் வீரன் உடம்பெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் மினுமினுக்கிறது. அதைவிடக் கொடுமை, எதிரியின் சிவப்புப் படையிலும் அவன் நீலச் சட்டையோடு நிற்கிறான். எங்கே தப்பு செய்தேன்?"

தம்பி, இந்த இரண்டு தப்பையும் இதே வரிசையில் நானும் செய்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் போயிற்று. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். உங்கள் வீரனின் சட்டைக்கு நீலம் என்ற நிறமே கிடையாது.

தெரிந்த சங்கதிகளை வேகமாகக் கடந்துவிடுவோம். திரையில் தெரிவதெல்லாம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அந்தக் காலத்து வியூக விளையாட்டுகளில் வீரன் முப்பரிமாண உருவமாகத் திரையில் உலவவில்லை. ஓவியர்கள் முப்பரிமாணத்தில் செய்த பொம்மையைப் பல கோணங்களில் தட்டையான படங்களாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். திரையில் ஓடுவது அந்தப் படங்களின் அடுக்கு. விளையாட்டில் வீரன் எட்டுத் திசைகளில் திரும்புவான். கோப்பில் இருப்பதோ ஐந்து திசைகள்தான். மற்ற மூன்றும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிக் காட்டப்படுபவை. ஆகவே ஒரு பக்கம் வலக்கையில் வாள் வீசும் வீரன், மறுபக்கம் திரும்பியதும் இடக்கைக்காரன் ஆகிவிடுவான். பல ஆண்டுகள் ஆடியவர்கள்கூட இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். இன்று இரவே திருப்பிப் பாருங்கள்.

நிற்பது, நடப்பது, வெட்டுவது, சாவது, பிணமாகக் கிடந்து மக்குவது என்று ஐந்து செயல்கள். கணக்குக்காக ஒரு திசையில் ஒரு செயலுக்குப் பத்துப் படங்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரே வீரனுக்கு 250 படங்கள் ஆகின்றன. ஆட்டத்தில் எட்டுப் பேர் ஆடலாம், எட்டு நிறங்கள். நிறத்துக்கு ஒரு தொகுதி என்று வைத்தால் 2,000 படங்கள். குதிரைவீரன், வில்லாளி, யானை, கப்பல் எல்லாவற்றுக்கும் இப்படி வைத்தால் ஒரு குறுந்தகடு போதாது. அப்படி எவரும் வைக்கவில்லை.

அன்றைய கணினிகளில் நினைவகம் விலை கூடியது. 800 × 600 திரையில் 4,80,000 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் கொடுத்தால் 14,40,000 பைட்; ஒரே பைட் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையிலான 256 எண்களில் ஒன்றைத்தான் எழுத முடியும். அதனால் 256 நிறங்கள் கொண்ட ஓர் அட்டவணையைத் தனியாக வைத்தார்கள். இதைத்தான் வண்ணத்தட்டு, பேலட் என்கிறோம். படத்துக்குள் நிறம் இல்லை. அட்டவணையில் எத்தனையாவது வரி என்ற எண் மட்டும் இருக்கிறது. சின்ன வயதில் கட்டத்துக்குள் 1, 2, 3 என்று போட்டு, '1 என்றால் பச்சை, 2 என்றால் மஞ்சள்' என்று ஓரத்தில் அச்சிட்டிருக்கும் படப்புத்தகத்தில் வண்ணம் தீட்டியிருப்பீர்களே, அதேதான். ஓரத்தில் இருக்கும் குறிப்பை மாற்றினால், படத்தைத் தொடாமலேயே கிளியை மஞ்சளாக்கிவிடலாம்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கொஞ்சம் நின்று பேச அனுமதியுங்கள்.

இந்த விளையாட்டின் 256 வரிகளில் 16 முதல் 23 வரை எட்டு வரிகள் நீலத்துக்கு. கருநீலத்தில் தொடங்கி வெளிர்நீலம் வரை ஒரு படிக்கட்டு. சரியாகப் பதினாறு வரி தள்ளி, 32 முதல் 39 வரை, சிவப்பின் படிக்கட்டு. இன்னும் பதினாறு தள்ளி அடுத்த ஆட்டக்காரரின் நிறம். இப்படியே எட்டுப் பேருக்கும். வீரனின் சட்டையில் ஒரு மடிப்பு இருக்கிறது என்று வையுங்கள். கோப்பில் அந்த மடிப்புக்கு '3' என்று மட்டும் எழுதியிருக்கும். கூடவே 'இது ஆட்டக்காரரின் நிறம்' என்று ஒரு கட்டளை. வரையும் நேரத்தில் மென்பொருள் செய்வது ஒரு சின்னக் கணக்குதான்: ஆட்டக்காரரின் எண்ணைப் பதினாறால் பெருக்கி, அந்த 3ஐச் சேர்க்கும். முதல் ஆட்டக்காரருக்கு 16 + 3 = 19, நடுத்தர நீலம். இரண்டாமவருக்கு 32 + 3 = 35, அதே அளவு வெளிச்சம் விழும் சிவப்பு. ஓவியர் எழுதி வைத்தது நிழல் எவ்வளவு என்பதைத்தான். எந்த நிறத்தின் நிழல் என்பதை ஆடும்போது சண்டைக்காரர் முடிவு செய்கிறார்.

2,000 படங்களின் வேலையை ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் முடித்துவிடுகின்றன. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது சலிப்பதில்லை. வீரன் மரத்துக்குப் பின்னால் போகும்போது அவனுடைய உருவரை மட்டும் நிறக்கோடாகத் தெரியுமே, அதற்கும் கோப்பில் தனிக் கட்டளை உண்டு.

நிறம் அட்டவணையில்தான் இருக்கிறது என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. இந்த விளையாட்டைப் பிற்காலத்துக் கணினிகளில் ஓட்டியபோது, பின்னணியில் ஓடிய வேறு மென்பொருள் அட்டவணையின் சில வரிகளில் தன் நிறங்களை எழுதிவிடும். புல் சிவக்கும், தண்ணீர் ஊதாவாகும். கோட்டைகளின் கோடுகளும் வீரர்களின் அசைவும் அப்பழுக்கில்லாமல் இருக்கும். படம் கெடவில்லை, ஓரக்குறிப்பு கெட்டது.

இப்போது உங்கள் எறும்புகளுக்கு வருவோம். நீங்கள் படத்தை ஒரு வரைகலை மென்பொருளில் திறந்தீர்கள். அது உடனே எண்களைத் தூக்கி எறிந்துவிட்டு ஒவ்வொரு புள்ளிக்கும் முழு நிறத்தைக் கொடுத்திருக்கும். வண்ணம் மாற்றிச் சேமிக்கும்போது மறுபடி 256க்குள் அடக்கியிருப்பீர்கள். நீங்கள் போட்ட தந்தவெள்ளை அட்டவணையில் இல்லையென்றால் மென்பொருள் அதற்குப் பக்கத்து நிறம் ஒன்றைத் தேடும். அதோடு விட்டால் பரவாயில்லை. 'டிதரிங்' என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், கொடுக்க முடியாமல் போன மிச்சத்தை அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்குப் பங்கு வைக்கும். ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1970களில் வகுத்த முறைப்படி மிச்சத்தில் பதினாறில் ஏழு பங்கு வலப்பக்கப் புள்ளிக்கு. கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக மூன்று, ஐந்து, ஒன்று. அந்தப் புள்ளிகள் தங்களுக்கு மிஞ்சியதை இன்னும் தள்ளித் தள்ளி அனுப்பும். அசையாத புகைப்படத்துக்கு இது அருமையான தந்திரம். சில நிறங்களை வைத்தே பல நிறங்கள் இருப்பதுபோல் கண்ணை நம்பவைத்துவிடும்.

அசையும் படத்தில் இதுவே வினையாகிறது. அடுத்த படத்தில் வாள்முனை ஒரு புள்ளி நகர்ந்தால் போதும், அங்கே தொடங்கும் மிச்சம் வேறாகிவிடும். அது கீழே வழிந்து வழிந்து முழங்கால்வரை புள்ளிகளின் அமைப்பைக் குலைத்துவிடும். வேட்டி அப்படியே இருக்கிறது; அதன் மேல் தூவிய புள்ளிகள் மட்டும் படத்துக்குப் படம் இடம் மாறுகின்றன. நொடிக்குப் பத்துப் படம் ஓடினால் எறும்புதான் ஊரும்.

நீலச் சட்டையின் கதையும் அந்த மாற்றத்திலேயே முடிந்துவிட்டது. பெரும்பாலான பிரித்தெடுக்கும் கருவிகள் ஆட்டக்காரரின் நிறத்தை 16 முதல் 23 வரையிலான எண்களாகக் காட்டும். திரும்பச் சேர்க்கும்போது அந்த எண்களைப் பார்த்துத்தான் 'இது மாறவேண்டிய இடம்' என்று அடையாளம் கண்டுகொள்ளும். உங்கள் மென்பொருள் அந்த நீலத்தை அட்டவணையின் வேறு மூலையில் இருக்கும் ஒரு சாதாரண நீலத்தோடு பொருத்திவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இயந்திரத்துக்கு ஒன்று சீருடை, மற்றது சாயம் போகாத துணி.

சரி, எப்படிச் செய்வது? படத்தை முழு நிறத்துக்கு மாற்றவே மாற்றாதீர்கள். எண்களோடு மட்டும் பேசுங்கள். 'பழைய எண் இது, புதிய எண் அது' என்று 256 வரிகளில் ஒரு பட்டியல் போடுங்கள். பழுப்பின் ஆறு படிகளை இருட்டிலிருந்து வெளிச்சம் வரை வரிசைப்படுத்தி, வெள்ளையின் ஆறு படிகளோடு அதே வரிசையில் இணையுங்கள். மற்ற எண்கள் எல்லாம் தம்மைத் தாமே குறிக்கட்டும். 16 முதல் 23 வரை கை வைக்கவே வேண்டாம். பைதான் என்ற நிரல்மொழி தெரிந்தால் பத்து வரி. 250 படங்களும் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். ஒரே எண் எல்லாப் படங்களிலும் ஒரே எண்ணாகவே மாறுவதால் எறும்புக்கு இடமே இல்லை.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. எண்ணுக்கு இடம் தெரியாது. காலில் இருக்கும் அதே பழுப்பு வாளின் கைப்பிடியிலும், முகத்தின் நிழலிலும் இருக்கலாம். பட்டியலை ஓட்டினால் வீரனுக்கு வேட்டியோடு வெண்குஷ்டமும் சேர்ந்து வரும். எனக்கு வந்தது. இதற்குக் கோப்பிலேயே ஓர் உதவி இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நங்கூரப் புள்ளி உண்டு. வீரன் தரையில் நிற்கும் இடத்தை அது குறிக்கும். அந்தப் புள்ளிக்கு மேலே இத்தனை வரிசைக்குள் இருக்கும் பழுப்பை மட்டும் மாற்று என்று ஒரு நிபந்தனை சேர்த்தால், நிற்பதும் நடப்பதும் ஏறக்குறைய சரியாகிவிடும். விழுந்து சாகும் படங்களைக் கையால்தான் செய்யவேண்டும். சாவதில் குறுக்குவழி இல்லை.

அடுத்து நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: ஆட்டக்காரரின் நீலத்தையே வேறு நிறமாக்க முடியுமா? முடியும், அட்டவணையில் எட்டு வரிகளை மாற்றினால் போதும். ஆனால் நிறச்சக்கரத்தைத் திருப்பி நீலத்தை மஞ்சளாக்கிவிடாதீர்கள். கண்ணுக்கு எல்லா நிறமும் ஒரே வெளிச்சம் அல்ல. வெளிச்சத்தைக் கணக்கிடும் தொலைக்காட்சிப் பொறியாளர்களின் பழைய சூத்திரத்தில் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு வெறும் 0.114. முழு நீலத்தின் வெளிச்சம் 255இல் 29. சிவப்பும் பச்சையும் சேர்ந்த முழு மஞ்சளின் வெளிச்சம் 226. நீலத்தில் அழகாக இறங்கிய எட்டுப் படிகள் மஞ்சளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நிழலில் பாசி பிடித்த பச்சையாகத் தெரியும். ஓவியர்கள் மஞ்சளின் நிழலுக்குப் பழுப்பைத் தொடுவது இதனால்தான். எட்டுப் படிகளையும் கையால் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. நம்மிடையேயும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சிவப்பும் பச்சையும் நிறத்தில் மட்டுமல்லாமல் வெளிச்சத்திலும் வேறுபட்டால், அவர்களும் எதிரியை அடையாளம் கண்டு அடிக்க முடியும்.

நிறம் என்றதும் ராசி பார்ப்பவர்கள் வந்துவிடுவார்கள். சிவப்பு எடுத்தால்தான் ஜெயிப்பேன் என்று அடம்பிடிக்கும் நண்பர் எனக்கு ஒருவர் இருக்கிறார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் குத்துச்சண்டை, மல்யுத்தம், டேக்வாண்டோ போட்டிகளை ஆராய்ந்து, சிவப்பு உடையில் இறங்கியவர்கள் ஏறக்குறைய 55 சதவீதப் போட்டிகளில் வென்றதாக 2005இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது உண்மைதான். அங்கே இறங்கியவர்கள் மனிதர்கள். எண் 3 எந்த வரியைச் சுட்டினாலும் நம் வாள்வீரனின் வெட்டுக்கு ஒரே வலிமைதான். நண்பர் தோற்பதற்குக் காரணம், ஆட்டத்தில் பொருள் சேர்த்துத் தரும் விவசாயிகளை அவர் போதுமான அளவு உருவாக்காததுதான்.

எல்லா விளையாட்டும் இந்த வழியில் போகவில்லை. 2003இல் தொடங்கிய 'பேட்டில் ஃபார் வெஸ்நோத்' என்ற கட்டற்ற மென்பொருள் விளையாட்டில் படங்கள் முழு நிறத்தில் இருக்கின்றன. அணி நிறம் வரவேண்டிய இடங்களில் ஓவியர்கள் பளிச்சென்ற மெஜந்தா நிறத்தின் குறிப்பிட்ட சாயல்களைப் பூசிவைக்கிறார்கள். அந்தச் சாயல் எவ்வளவு இருட்டு என்று பார்த்து, அணி நிறத்தின் கருமைக்கும் வெளிர்மைக்கும் நடுவே அதே இடத்தில் ஒரு நிறத்தை மென்பொருள் கண்டுபிடிக்கிறது. எண்ணுக்குப் பதில் மெஜந்தா. தத்துவம் அதே ஓரக்குறிப்புதான்.

இந்தப் பழைய கோப்புகளின் உள்ளமைப்பை நமக்கு எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத ஆர்வலர்கள். 'ஓப்பன்ஏஜ்' என்ற தன்னார்வத் திட்டத்தின் ஆவணங்களைப் படித்துத்தான் அந்தக் கூட்டல் கணக்கே எனக்குப் புரிந்தது. நம் பொறியியல் கல்லூரிகள் கணினி வரைகலைப் பாடத்தில் கோடு வரையும் சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்வதைவிட, ஆளுக்கொரு பழைய கோப்பு வடிவத்தைக் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லலாம். அதற்கு மானியம் கேட்டால் 'விளையாட்டா?' என்று சிரிப்பார்கள். ஓலைச்சுவடியைப் படிக்கவும் ஒரு காலத்தில் ஆள் இல்லாமல்தான் இருந்தது.

உங்கள் இரண்டாவது கடிதமும் வந்தது. பட்டியல் முறையில் எறும்பு போய்விட்டது, சட்டை சிவக்கிறது, வாளைச் சுற்றி மட்டும் இளஞ்சிவப்பாக ஓர் ஓரம் தெரிகிறது என்கிறீர்கள். முதல் முறை கெடுத்த படங்களில் சில இன்னும் அதே கோப்புறையில் கிடக்கின்றன. அப்போது தூரிகையின் விளிம்பு மென்மையாக இருந்திருக்கும்; ஒளிபுகும் இடத்தைக் குறிக்கும் பின்னணி மெஜந்தாவும் வாளின் சாம்பலும் அங்கே கலந்துவிட்டன. மூலக் கோப்பிலிருந்து மறுபடி பிரித்தெடுத்து, பட்டியலை இன்னொரு முறை ஓட்டுங்கள்.