பிளசென்டா: நஞ்சுக்கொடியா, சூல்வித்தகமா?

"அக்கா, நஞ்சுன்னு போட்டிருக்கே, பிள்ளைக்கு ஒன்னும் ஆகாதுல்ல?"

ஓர் ஆய்வுக்கான தமிழ்ப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் என்னிடம் கேட்டது இது. கருவிலிருக்கும் குழந்தைக்கு உணவும் மூச்சும் தரும் உறுப்பான பிளசென்டாவை, பிரசவம் முடிந்ததும் ஆய்வுக்கூடத்துக்குத் தரச் சம்மதமா என்பதுதான் படிவத்தின் கேள்வி. 'நஞ்சுக்கொடி' என்ற சொல்லை விட்டு அவர் விரல் நகரவே இல்லை.

பிளசென்டா லத்தீன் சொல். கிரேக்கத்திலிருந்து வந்தது, தட்டையான பணியாரம் என்று பொருள். இந்த உறுப்புக்கு அந்தப் பெயரை 1559இல் வெளிவந்த தம் நூலில் எழுதியவர் இத்தாலிய உடற்கூற்று அறிஞர் ரியால்டோ கொலம்போ. பொருத்தமான பெயர்தான். நிறைமாதத்தில் சுமார் 22 செ.மீ. அகலம், அரை கிலோ எடை, பார்த்தால் கனமாக வார்த்த அடை போலவே இருக்கும்.

நம் அகராதியில் 'நஞ்சு' என்ற சொல்லுக்கே இந்த உறுப்பும் ஒரு பொருள். உள்ளே தங்கிவிட்டால் இரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் வந்து தாயின் உயிருக்கே ஆபத்து, அதனால் வந்த பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மாட்டுக்கு 'இளங்கொடி'. ஊர்ப்பக்கம் அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். (சிங்கப்பூரில் தேக்கா வட்டாரத்துக்குப் பக்கத்தில், 1966இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையின் பெயருக்கும் மலாயில் எருமைத் தொழுவம் என்றுதான் பொருள்!)

சரி, ஆய்வுக்கு எந்தச் சொல்? நஞ்சுக்கொடி என்றால் அடை போன்ற உறுப்பும் தொப்புள்கொடியும் சேர்ந்தே மனதில் வரும். ஆய்வாளர்களுக்கு இரண்டும் வேறு. 2009இல் சிங்கப்பூரில் தொடங்கிய கஸ்டோ தாய்சேய் ஆய்வில் இரண்டிலிருந்தும் மாதிரி எடுத்தார்கள். தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் கலக்காமல் நடுவில் காப்பது அந்த அடையிலுள்ள மெல்லிய படலம். செல்கள் ஒன்றோடொன்று இணைந்துதான் அது உருவாகிறது. இணைக்கும் சின்சிட்டின் என்ற புரதமோ, பல கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதை உயிரினங்களைத் தொற்றிய வைரஸின் மரபணு தந்தது! 2018இலிருந்து இந்தச் செல்களைச் சிறு உருண்டைகளாக ஆய்வுக்கூடத்திலேயே வளர்க்கிறார்கள். கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் ஏன் வருகிறது என்று தேடவும் அவை உதவுகின்றன.

அந்த அடைக்கு இலங்கைப் பாடநூல்கள் வைத்த பெயர் 'சூல்வித்தகம்'. வித்தகம் என்றால் திறமை என்றும் பொருள் உண்டே! பிறக்கும்வரை குழந்தைக்கு நுரையீரலும் சிறுநீரகமுமாக இருக்கும் உறுப்பை அப்படி அழைப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அடைக்கு அதுவும், கொடிக்குத் தொப்புள்கொடியும், பிரசவத்துக்குப் பின் மொத்தமாக வெளிவருவதற்கு நஞ்சுக்கொடியும் என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

படிவத்தின் ஓரத்தில் இப்படி எழுதிக் காட்டினேன்: 'உங்கள் குழந்தைக்கு இதுவரை உணவும் மூச்சும் கொடுத்த சூல்வித்தகம்.' அவர் வாய்விட்டுப் படித்தார். அப்புறம் பேனாவைக் கேட்டார்.