காலேஜ்ல பேச விடுங்க, பேசக் கத்துக் குடுங்க

சென்னைல ஒரு காலேஜ்ல பாடம் எடுக்கறேன், கூடவே என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) திட்ட அலுவலர் பொறுப்பும் இருக்கு. போன வருஷம் செகண்ட் இயர் பசங்க வாட்ஸ்அப் குரூப்ல பெரிய சண்டை. வாசல்ல பிளாட்ஃபார்ம் கடைங்கள எல்லாம் தூக்கணும்னு ஒரு பையன் போட்டான், அந்தக் கடைல தான்டா நாங்க மத்தியானம் சாப்பிடறோம்னு இன்னொருத்தன் எழுத, ரெண்டே நாள்ல அது ஊரு, ஜாதி, யார் வீட்ல என்ன கார்னு எங்கேயோ போயிடுச்சு. குரூப்ப க்ளோஸ் பண்ணுங்க, பேரண்ட்ஸ வரச் சொல்லுங்கன்னு ஸ்டாஃப் ரூம்ல ஒரே பேச்சு. க்ளோஸ் பண்ணா நம்ம கண்ணுல படாத வேற குரூப்ல அதே சண்டை நடக்கும், அவ்ளோ தான்.

அதனால ஒரு சனிக்கிழமை எல்லாரையும் ஒரே ரூம்ல வட்டமா உக்கார வெச்சேன். ஒரே ரூல். எதிர்ல இருக்கறவன் சொன்னத அவன் "ஆமா, இதான் சொன்னேன்"னு ஒத்துக்கற மாதிரி முதல்ல திருப்பிச் சொல்லணும், அப்புறம் தான் உன் பதில். முதல் அரை மணி நேரம் ஒருத்தராலயும் முடியல, ஏன்னா யாரும் காதுல வாங்கவே இல்ல, அடுத்து நாம என்ன சொல்லலாம்னே யோசிச்சிட்டு இருந்திருக்காங்க. பார்வை இல்லாத ஒரு மாணவி அது வரைக்கும் பேசவே இல்ல, நான் தான் கேட்டேன். "கடை எனக்குப் பிரச்சனையே இல்ல சார், எண்ணெய் வாசனை வரும், அக்கா சத்தம் வரும், தள்ளி நடந்துப்பேன். பைக் தான் தினம் ஒரு இடத்துல நிக்குது, அதுல தான் இடிச்சுக்கறேன்"னு சொன்னா. ரூமே அமைதியாயிடுச்சு. பைக் எல்லாம் நம்ம பசங்களோடது.

அடுத்த வாரம் டேப் எடுத்துட்டுப் போய் அளந்தாங்க. கடைங்கள விட பைக்கும் ஈ.பி. பாக்ஸும் தான் அதிக இடம் பிடிச்சிருந்துச்சு. தெரு வியாபாரிகள் சட்டம் 2014-ல வந்துச்சு, தெருக்கடை விஷயங்கள பாத்துக்கற நகர விற்பனைக் குழுல குறைஞ்சது 40 சதவீதம் வியாபாரிகளோட பிரதிநிதிங்க இருக்கணும்னு அதுல இருக்கு, இத படிச்ச அப்புறம் தான் கடைய தூக்கச் சொன்ன பையனே "அப்ப அவங்கள கேக்காம எப்படி சார் முடிவு பண்றது"ன்னான். கடை விஷயத்துல அவன் கருத்து இன்னும் முழுசா மாறல, மாறணும்னு நானும் நினைக்கல.

மணிமேகலைல இந்திர விழாவுக்கு முரசு அறையறவன் சொல்ற அறிவிப்பு ஒண்ணு இருக்கு, வாதம் பண்ற பட்டிமண்டபத்துல முறை தெரிஞ்சு ஏறுங்க, பகையாளிங்க கூட இருந்தாலும் கோவமும் சண்டையும் இல்லாம விலகிப் போங்கன்னு. இப்ப நாம நடத்தற பட்டிமன்றத்துல கைத்தட்டல் வாங்கறவங்களுக்குத் தான் பரிசு, நல்லா காது குடுத்துக் கேட்டவங்களுக்கு ஒரு மார்க் கூட கிடையாது. அத மாத்தறதுக்கு பல்கலைக்கழகம் ஒண்ணும் செலவு பண்ண வேண்டாம்.

என்.எஸ்.எஸ்.ல ரெண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் இருக்கு. குப்பை அள்றதும் மரம் நடறதும் வேணும் தான், ஆனா குப்பை ஏன் அங்கயே திரும்பத் திரும்ப சேருதுன்னு சென்னை மாநகராட்சி புகார் நம்பர் 1913-க்கு போன் பண்ணி புகார் எண் வாங்கி பின்தொடர்றதும், பத்து ரூபா கட்டி ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டு பதிலுக்கு 30 நாள் காத்திருக்கறதும் அந்தக் கணக்குல வரணும். மாநகராட்சில 200 வார்டு இருக்கு, 2022 நவம்பர் 1-ல இருந்து வார்டு மக்கள் குறை சொல்ற பகுதி சபா கூட்டமும் நடக்க ஆரம்பிச்சாச்சு, ஆனா தான் தங்கியிருக்கற வார்டு நம்பர் என்னன்னு என் க்ளாஸ்ல கேட்டா நாலு கை கூட தூக்கல. கவுன்சிலர்கிட்ட பேசினா அரசியலாயிடுமோன்னு நிர்வாகம் பயப்படுது. கட்சிக்கு ஆள் சேக்கறது வேற, வீட்டு முன்னாடி தண்ணி தேங்குதுன்னு மனு குடுக்கறது வேற, இத நாமளே பிரிச்சுப் பாக்கலேன்னா பசங்க யாருகிட்ட கத்துப்பாங்க?

உடனே செய்யக் கூடிய ஒண்ணு சொல்றேன். வோட்டர் லிஸ்ட்ல பேர் சேக்க படிவம் 6, 18 வயசு முடிஞ்சிருக்கான்னு பாக்கற தகுதி நாள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1-ம் தேதின்னு வருஷத்துக்கு நாலு, 17 முடிஞ்சாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஹாஸ்டல் பசங்க சொந்த ஊர்லயோ ஹாஸ்டல் முகவரியிலயோ சேரலாம், ஹாஸ்டல்னா காலேஜ் தலைமையோட சான்று வேணும். அந்த ஒரு கையெழுத்துக்காக பசங்க மூணு நாள் ஆபீஸ் வாசல்ல நிக்காம பாத்துக்கங்க.