பாஸ்போர்ட்டின் அந்த இரண்டு வரிகள்

பாரிஸில் ரயில் ஏறி பிரஸ்ஸல்ஸில் இறங்கினால் வழக்கமாக யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லையே, அப்புறம் பாதுகாப்பு எங்கே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வெளி எல்லையில்தான். 1985இல் லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தில் கையெழுத்தான, உறுப்பு நாடுகளுக்கு இடையே எல்லைச் சோதனையை நீக்கும் ஒப்பந்தம் 1995இல் நடைமுறைக்கு வந்தது. இன்று 29 நாடுகள். நாம் முதலில் கால்வைக்கும் நாடு மற்ற 28க்கும் சேர்த்துச் சோதிக்கிறது. அந்த ஒரு சோதனை தவறவே கூடாது.

அது தொடங்கும் இடம், புகைப்படப் பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரிகள். வரிக்கு 44 குறிகள். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி ஒவ்வொன்றின் பின்னும் ஒரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு. 1985 ஜூன் 14இல் பிறந்தவருக்கு 850614 என்று இருக்கும். இலக்கங்களை முறையே 7, 3, 1, 7, 3, 1 ஆல் பெருக்குங்கள்: 56, 15, 0, 42, 3, 4. கூட்டினால் 120. அதன் கடைசி இலக்கமான 0 பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். கருவி 8ஐ 3 என்று படித்துவிட்டால் கூட்டுத்தொகை 85 ஆகிவிடும்; உடனே மாட்டிக்கொள்ளும்.

ஏன் 7, 3, 1? இந்த மூன்று எண்களில் எதற்கும் 10க்கும் பொது வகுஎண் 1 மட்டுமே. அதனால் ஓர் இலக்கத்தை வேறோர் இலக்கமாகப் படிக்கும் பிழை ஒன்றுகூடத் தப்பாது. 5ஆல் பெருக்கியிருந்தால் 8ம் 6ம் ஒரே விடையைத் தந்திருக்கும். எவ்வளவு அழகான சிக்கனம்! ஓட்டையும் இருக்கிறது. 61ஐ 16 என்று இடம்மாற்றினால் கூட்டுத்தொகை 100; கடைசி இலக்கம் அதே 0. ஆனால் 850164 என்றால் ஜனவரி 64ஆம் தேதி, அங்கே பிடிபடும். எழுத்துகளில் A 10, Z 35 என்று மதிப்பு. S 28, அதன் கடைசி இலக்கமும் 8 என்பதால் S, 8 குழப்பம் நழுவிவிடும்.

பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி என்ற இதே மூன்று விவரங்கள்தான் மின்-பாஸ்போர்ட் சிப்பின் சாவியும். சிப்புக்கு பேட்டரி கிடையாது, 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. பக்கத்தைத் திறந்து வரிகளைக் காட்டினால்தான் வாய் திறக்கும். சட்டைப்பையில் இருக்கும்போதே படத்தைத் திருடிவிடுவார்கள் என்று வாட்ஸப்பில் சுற்றும் பீதி வீண். உள்ளே இருக்கும் படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் வழங்கிய நாட்டின் டிஜிட்டல் கையொப்பம் பொருந்தாது.

அடுத்து ஷெங்கன் தகவல் அமைப்பில் தேடல்: தேடப்படுபவரா, நுழைவு மறுக்கப்பட்டவரா, தொலைந்ததாகப் பதிவான பாஸ்போர்ட்டா? 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த நுழைவு-வெளியேற்றப் பதிவு முகப்படத்தையும் சேர்க்கிறது. விசா தேவைப்படாதவர்களிடம் நான்கு விரல் ரேகைகளையும் எடுக்கிறது. எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கை இனி முத்திரைகளைப் புரட்டி எண்ண வேண்டியதில்லை.

அந்த வரிகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், ஈரம் படவிடாதீர்கள். கருவி படிக்காவிட்டால் அதிகாரி கையால் தட்டச்சு செய்ய வேண்டும். அதுவரை சிப் திறக்காது.